மன்னர்கள் இருக்கும் குடியரசு: வாலிஸ்–ஃபுட்டுனா தீவுகளின் நிலமும் மக்களும் ஆட்சியும்

பிரான்சுக்குச் சொந்தமான ஏதோ ஒரு சின்னஞ்சிறு பசிபிக் தீவில் இன்றைக்கும் மன்னர்கள் இருக்கிறார்களாமே, 1793-ல் தன் மன்னனின் தலையையே வெட்டிய குடியரசு அதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறது, அந்த மன்னர்களுக்கு உண்மையில் ஏதாவது அதிகாரம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அந்த நிலப்பகுதியின் பெயர் வாலிஸ்–ஃபுட்டுனா. அங்கே ஒருவர் அல்ல, மூன்று மன்னர்கள் இருக்கிறார்கள். மூவரும் பிரெஞ்சுக் குடிமக்கள். மூவருக்கும் பிரெஞ்சு அரசே மாதாமாதம் படி கொடுக்கிறது. அவர்கள் சுற்றுலாப் பயணிகளுக்காக வைக்கப்பட்ட காட்சிப் பொருள்கள் அல்லர். தீவின் நிலம் அவர்களைத் தலைமையாகக் கொண்ட வழக்காற்று அமைப்பின் கையில் இருக்கிறது. அவர்களுடைய அதிகாரத்தின் வேர் அந்த நிலத்தில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. அதை விளங்கிக்கொள்ள, தீவுகளின் அமைப்பிலிருந்து தொடங்குவது நல்லது.

தென் பசிபிக்கில் ஃபிஜிக்கும் சமோவாவுக்கும் நடுவே, ஏறத்தாழ 13, 14 பாகைத் தென் அட்சரேகைகளில் இத்தீவுகள் கிடக்கின்றன. பாரிசிலிருந்து சுமார் 16,000 கிலோமீட்டர் தொலைவு. மிக நெருக்கமான பிரெஞ்சு உறவான நியூ கலிடோனியாவே சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மூன்று தீவுகளையும் கூட்டினால் பரப்பளவு 142 சதுர கிலோமீட்டர்தான். ஒரே பெயரில் சேர்த்துச் சொல்வதால் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள் என்று நினைத்துவிடக் கூடாது. வாலிஸுக்கும் ஃபுட்டுனாவுக்கும் இடையே சுமார் 230 கிலோமீட்டர் திறந்த கடல் இருக்கிறது. ஃபுட்டுனாவுக்கு அருகே, சுமார் 2 கிலோமீட்டர் அகலமுள்ள கால்வாய்க்கு அப்பால், மூன்றாவது தீவான அலோஃபி இருக்கிறது. அங்கே நிலையான குடியிருப்பு இல்லை, ஃபுட்டுனாவின் அலோ மக்கள் படகில் போய்த் தோட்டம் போட்டுத் திரும்புவார்கள்.

இந்த 230 கிலோமீட்டர் இடைவெளியில் இருபுறமும் இரண்டு வேறு உலகங்கள் உருவாகியிருக்கின்றன. உள்ளூர் மக்கள் உவேயா என்று அழைக்கும் வாலிஸ், தாழ்வான பழைய எரிமலைத் தீவு; அதன் மிக உயர்ந்த இடமே 150 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. சுற்றிலும் பவளப்பாறை அரண், அதற்குள்ளே அகன்ற காயல், காயலில் சிதறிக் கிடக்கும் குட்டித் தீவுகள் என்று அது கடலை நோக்கித் திறந்த தீவு. ஆனால் ஓடும் ஆறு என்று சொல்லும்படி அங்கே ஒன்றும் இல்லை. மழை நீர் நுண்துளைப் பாறைக்குள் இறங்கிவிடும். அதற்கு ஈடுசெய்வதுபோலத் தீவுக்குள் எரிமலைவாய் ஏரிகள் இருக்கின்றன. அவற்றுள் லாலோலாலோ மிகப் பெரியது. காட்டுக்கு நடுவே நடந்து போகும்போது தரை திடீரென்று முடிந்து, செங்குத்தான பாறைச் சுவருக்குக் கீழே கருமையான நீர் வட்டமாகத் தெரியும். குறுக்களவு சுமார் 400 மீட்டர், ஆழம் சுமார் 80 மீட்டர். இரண்டாம் உலகப் போர் முடிந்து கிளம்பும்போது அமெரிக்கப் படையினர் வேண்டாத தளவாடங்களை இந்த ஏரிக்குள்தான் தள்ளிவிட்டுப் போனார்கள் என்று தீவில் சொல்வார்கள்.

ஃபுட்டுனா இதற்கு நேர்மாறானது. புவியியல் கணக்கில் இளமையான, செங்குத்தான மலைத் தீவு அது. புக்கே மலை 524 மீட்டர் உயரம். காயல் கிடையாது. கரையை ஒட்டிய குறுகிய பாறைத் திட்டைத் தாண்டினால் உடனே ஆழ்கடல்தான். அதனால் ஊர்கள் எல்லாம் மலைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய சமவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கின்றன. ஆனால் வாலிஸுக்கு இல்லாத செல்வம் ஒன்று ஃபுட்டுனாவுக்கு உண்டு. மலையிலிருந்து ஓடைகள் இறங்குகின்றன. அவற்றை வாய்க்கால்களில் திருப்பி, வயல் போலப் படிப்படியாக வரப்புக் கட்டிச் சேப்பங்கிழங்கு பயிரிடுகிறார்கள். நீர்ப் பங்கீடு என்று வந்துவிட்டால் ஒரு மேட்டு வயல்காரரும் பள்ளத்து வயல்காரரும் பேசித் தீர்த்துக்கொண்டே ஆக வேண்டும் அல்லவா? ஃபுட்டுனாவின் சமூக ஒழுங்கில் இந்தப் பாசனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தத் தீவு நடுங்கும் தீவும்கூட. 1993-ல் ஏற்பட்ட நிலநடுக்கம் வீடுகளையும் தேவாலயங்களையும் சேதப்படுத்தியது. 2010 மார்ச்சில் தோமஸ் என்ற புயல் பயிர்களையும் கூரைகளையும் அள்ளிக்கொண்டு போனது.

மக்கள் பாலினேசியர்கள். ஆனால் இரு தீவுகளுக்கும் உறவுமுறை வேறு. வாலிஸ் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு தொங்கா தீவுப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டது. தீவின் தெற்கே இருக்கும் தலியெத்துமு கற்கோட்டை அந்தக் காலத்தின் எச்சம். ஒரே தலைமை மன்னர், அவருக்குக் கீழே படிநிலையாக அமைச்சர்கள், வட்டாரத் தலைவர்கள், ஊர்த் தலைவர்கள் என்ற செங்குத்தான அமைப்பு தொங்காவின் சாயலை அப்படியே காட்டுகிறது. ஃபுட்டுனா தொங்காவுக்கு அடங்கவில்லை. அதன் பண்பாடு சமோவாவின் பக்கம் சாய்ந்தது. அங்கே தலைவர்களுக்கிடையே சமநிலை அதிகம், போட்டியும் அதிகம். அந்தச் சிறு தீவுக்குள்ளேயே அலோ, சிங்காவே என்று இரண்டு அரசுகள் நிலைத்தன. மொழிகளும் இரண்டு. வாலிஸ் மொழியும் ஃபுட்டுனா மொழியும் உறவு மொழிகளே என்றாலும் வேறு வேறானவை. ஆக, ‘வாலிஸ்–ஃபுட்டுனா மக்கள்’ என்ற ஒரே மக்களினம் இருப்பதாகக் கருதுவது பாரிசிலிருந்து பார்க்கும் பார்வைதான். தீவில் இருப்பவர் தன்னை உவேயாக்காரராகவோ, அலோக்காரராகவோ, சிங்காவேக்காரராகவோதான் முதலில் சொல்வார்.

ஐரோப்பியர்களில் முதலில் வந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1616-ல் ஸ்கௌட்டனும் லெ மேரும் ஃபுட்டுனாவைக் கண்டு, தங்கள் ஊரான ஹோர்ன் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 1767-ல் உவேயாவுக்கு வந்த ஆங்கிலக் கப்பல் தலைவர் சாமுவேல் வாலிஸின் பெயர் அத்தீவில் ஒட்டிக்கொண்டது. இவர்கள் வந்தார்கள், போனார்கள். தீவுகளை உள்ளபடியே மாற்றியவர்கள் 1837 நவம்பரில் வந்திறங்கிய மரியன்னை சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்கள். வாலிஸில் பியர் பத்தாயோனும் ஃபுட்டுனாவில் பியர் ஷனேலும் தங்கினார்கள். ஃபுட்டுனாவில் மன்னர் நியூலிக்கியின் மகனே புதிய மதத்தை நாடியபோது பகை முற்றியது; 1841 ஏப்ரல் 28 அன்று போய் என்ற ஊரில் ஷனேல் கொல்லப்பட்டார். சில ஆண்டுகளுக்குள் தீவு முழுவதுமே மதம் மாறியது. 1954-ல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. ஏப்ரல் 28 இன்றும் அங்கே பொது விடுமுறை. போய் ஊரின் தேவாலயம் யாத்திரைத் தலமாக இருக்கிறது. வாலிஸில் பத்தாயோன் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, ஆயராகி, அரசையும் திருச்சபையையும் ஒன்றோடொன்று பின்னிவிட்டார். மன்னர், ஆயர், பிரெஞ்சு அரசின் பிரதிநிதி என்ற மூன்று கால்களில் இத்தீவுகளின் ஆட்சி நிற்பது அப்போது தொடங்கியதுதான். தலைநகர் மாத்தா உத்துவில் கடற்கரையை ஒட்டி, கருங்கல்லால் கட்டிய பேராலயமும் மன்னரின் அரண்மனையும் அருகருகே நிற்பதைப் பார்த்தால் இதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பிரெஞ்சு ஆட்சி போரில் வென்று வந்த ஆட்சி அல்ல. 1887-ல் வாலிஸ் அரசி அமேலியா பிரான்சின் பாதுகாப்பை ஏற்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அதையடுத்து ஃபுட்டுனாவின் மன்னர்களும் அவ்வாறே செய்தனர். அரசியின் அதிகாரம் தம் மக்கள்மீது தொடரும் என்பதே அந்த உடன்படிக்கையின் உட்பொருள். பிரெஞ்சு அரசின் சார்பில் ஓர் அதிகாரி தங்கினார். பல காலம் அவர் மருத்துவராகவும் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் வாலிஸ் முதலில், ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசின் பக்கம் நின்றதால் வெளியுலகத் தொடர்பு அறுந்து கிடந்தது. 1942 மே மாதம் சுதந்திர பிரெஞ்சுப் படையும் அதன் பின்னே அமெரிக்கரும் வந்தார்கள். சில ஆயிரம் மக்களே இருந்த தீவில் ஆயிரக்கணக்கான அமெரிக்க வீரர்கள் தங்கி, சாலை போட்டு, ஹிஹிஃபோவில் விமான ஓடுதளம் அமைத்தார்கள். இன்றைய விமான நிலையம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. தாளில் எண்ணிக் கொடுக்கும் கூலியும் தகர டப்பா உணவும் லாரியும் சினிமாவும் ஒரே நேரத்தில் வந்து, போர் முடிந்ததும் ஒரே நேரத்தில் மறைந்தன. 1930-களிலேயே காண்டாமிருக வண்டு தென்னைகளை அழித்து, வாலிஸின் கொப்பரை ஏற்றுமதியை முடித்துவிட்டிருந்தது. ஆகவே, அமெரிக்கர் போன பிறகு பணத்துக்கு வழி தேடியவர்கள் கப்பலேறி நியூ கலிடோனியாவுக்குப் போகத் தொடங்கினார்கள். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

1959 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில், பாதுகாப்பு நாடாக இருப்பதை விட்டுப் பிரெஞ்சுக் குடியரசின் கடல்கடந்த ஆட்சிப்பகுதியாக மாற மிகப் பெரும்பான்மையினர் ஒப்புக்கொண்டார்கள். அதன்படி 1961 ஜூலை 29-ல் பாரிசில் இயற்றப்பட்ட சட்டமே இன்றளவும் இத்தீவுகளின் அடிப்படைச் சட்டம். 2003-ல் பிரெஞ்சு அரசமைப்புத் திருத்தத்தால் ‘கடல்கடந்த கூட்டமைப்பு’ என்று வகைப்பெயர் மாறியதே தவிர, சட்டம் அதேதான். அதன் மூன்றாம் பிரிவு, மக்கள் தங்கள் மதத்தைப் பின்பற்றும் உரிமையையும், சட்டத்தின் பொதுக் கோட்பாடுகளுக்கு முரணாகாத வரையில் அவர்களுடைய நம்பிக்கைகளையும் வழக்காறுகளையும் மதிப்பதையும் குடியரசு உறுதிசெய்கிறது என்கிறது. மதத்தையும் அரசையும் பிரித்து வைப்பதில் அத்தனை கறாரான ஒரு நாடு இப்படி எழுதிக் கொடுத்தது சாதாரணச் செய்தி அல்ல. மக்கள் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார்கள்; ஆனால், தாங்களே முன்வந்து துறக்காதவரை, குடும்பம், வாரிசு போன்றவற்றில் தங்கள் சொந்த வழக்காற்றுச் சட்ட நிலையையும் வைத்துக்கொள்ளலாம். புதுச்சேரிக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இந்தக் கருத்து புதிதாக இராது. 1881-ல் வந்த ஆணையின்கீழ், இந்துச் சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற தமிழர்களை அங்கே ‘ரெனோன்சான்’ என்று அழைத்தார்கள். அதே பிரெஞ்சுச் சட்டச் சிந்தனைதான் பசிபிக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இனி ஆட்சி நடக்கும் விதம். பாரிஸ் நியமிக்கும் மேல்நிலை நிர்வாகி மாத்தா உத்துவில் இருக்கிறார். பிரெஞ்சு நிர்வாகத்தில் அவர் பதவி மாவட்ட ஆட்சியருக்கு நிகரானது. மக்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இருபது உறுப்பினர்கள் கொண்ட சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாலிஸிலிருந்து பதின்மூவர், ஃபுட்டுனாவிலிருந்து எழுவர். அந்த மன்றம் வரிகளையும் வரவு செலவுத் திட்டத்தையும் உள்ளூர் விதிகளையும் முடிவுசெய்கிறது. ஆனால் அதன் முடிவுகளைச் செயல்படுத்தும் கை மேல்நிலை நிர்வாகியுடையது. நியூ கலிடோனியாவிலும் பிரெஞ்சுப் பாலினேசியாவிலும் செயலாட்சி எப்போதோ உள்ளூர்த் தலைவர்களின் கைக்குப் போய்விட்டது. வாலிஸ்–ஃபுட்டுனாவில் இன்னும் போகவில்லை. இவற்றுக்கு நடுவே ஆட்சிப்பகுதி மன்றம் என்று ஓர் அமைப்பு உண்டு. மேல்நிலை நிர்வாகி தலைவர்; மூன்று மன்னர்களும் சட்டப்படி துணைத் தலைவர்கள்; சட்டமன்றத்தின் இசைவோடு நியமிக்கப்படும் மூவர் உறுப்பினர்கள். சட்டமன்றத்துக்குப் போக வேண்டிய முன்மொழிவுகள் முதலில் இங்கே பார்வைக்கு வரும். பாரிஸ் நாடாளுமன்றத்துக்கும் மேலவைக்கும் ஆளுக்கு ஓர் உறுப்பினரைத் தீவு அனுப்புகிறது.

பிரான்சின் மூலை முடுக்கெல்லாம் இருக்கும் நகராட்சி இங்கே கிடையாது; எனவே மேயரும் இல்லை. அதற்குப் பதிலாக மூன்று அரசுகளே மூன்று நிர்வாக வட்டங்கள். உவேயா மட்டும் ஹிஹிஃபோ, ஹஹாக்கே, முவா என்று வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஃபைப்பூலே என்ற தலைவர், ஒவ்வோர் ஊருக்கும் ஊர்த் தலைவர். ஊர்ச் சாலையைச் செப்பனிட ஆள் கூட்டுவது, விழாவுக்கு யார் எத்தனை பன்றி கொண்டுவர வேண்டும் என்று பங்கிடுவது, வேலி தாண்டிப் பயிரை மேய்ந்த பன்றி பற்றிய சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அவர் பாடு. உவேயாவின் மன்னருக்கு லாவேலுவா என்று பட்டம், அலோவில் துய் அங்காய்ஃபோ, சிங்காவேயில் கெலெத்தவோனா. எந்த அரசிலும் மூத்த மகனுக்கு முடி தானாகப் போய்ச் சேராது. அரச குடும்பக் கிளைகளிலிருந்து தகுதியானவரைத் தலைவர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுத்தவர்களே இறக்கவும் செய்யலாம். பெண்களும் அரியணையில் அமர்ந்திருக்கிறார்கள். 1887-ல் கையெழுத்திட்ட அமேலியாவைப் போலவே 1953 முதல் 1958 வரை அலோய்சியா அரசியாக இருந்தார். ஃபுட்டுனாவில் மன்னர்கள் அடிக்கடி மாறுவார்கள். மனமொப்பவில்லையென்றால் தலைவர்கள் தயங்காமல் மாற்றிவிடுவார்கள். பதவியிலிருப்பவரும் மக்கள் சொல்லைக் கேட்டபடியே இருக்க வேண்டியிருக்கிறது. மாலை வேளையில் ஆண்கள் கூடிக் காவா என்ற வேர்ச்சாற்றைப் பருகும் தவாசு என்ற கூடத்தில்தான் ஃபுட்டுனாவின் உண்மையான அரசியல் பேச்சு நடக்கிறது.

இந்த அமைப்பைக் கண்ணால் காண வேண்டுமானால் கட்டோவாங்கா என்ற பெருவிழாவைப் பார்க்க வேண்டும். அரண்மனைக்கு முன்னால் உள்ள புல்வெளியில், முழுதாகச் சுட்ட பன்றிகள் வரிசை வரிசையாகக் கிடத்தப்பட்டிருக்கும். பன்றிகளுக்குக் கீழே, ஓலைக் கூடைகளில் பெருவள்ளிக் கிழங்கும் சேப்பங்கிழங்கும். அவற்றுக்கு அருகே பெண்கள் நெய்த பாய்களும் மரப்பட்டைத் துணிகளும் குவிந்திருக்கும். மன்னரும் பட்டத் தலைவர்களும் அவரவர் இடத்தில் அரைவட்டமாக அமர்ந்திருக்க, ஒருவர் காவா வேரைப் பிசைந்து வடிப்பார். பிறகு பட்டங்கள் ஒவ்வொன்றாக உரக்க அழைக்கப்படும். அழைக்கப்பட்டவருக்குச் சிரட்டையில் காவா எடுத்துச் செல்லப்படும். யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்ற அந்த வரிசையில்தான் தீவின் படிநிலை முழுவதும் அடங்கியிருக்கிறது. அதற்குப் பின்பு பன்றிகள் அதே முறையில் பங்கிடப்படும். எந்த ஊருக்கு எத்தனை, எது பெரியது என்பதையெல்லாம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேல்நிலை நிர்வாகியும் தம் வெள்ளைச் சீருடையில் அங்கே உட்கார்ந்திருப்பார். அவருக்கும் அந்த வரிசையில் ஓர் இடம் உண்டு. தீவின் தேர்தல் முடிவுகளைவிட இந்தப் பங்கீட்டில்தான் அதிகாரம் தெளிவாகத் தெரிகிறது என்று நான் நினைக்கிறேன்.

நிலத்துக்கு வருகிறேன். வாலிஸ்–ஃபுட்டுனாவில் நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வெளியாருக்கு விற்பது அறவே இல்லை. பதிவேடும் அளவைக் கல்லும் கொண்ட நில ஆவணமும் கிடையாது. நிலம் குடும்பத்துக்கும் ஊருக்கும் உரியது; யார் எந்தத் துண்டில் பயிர் செய்யலாம், எங்கே வீடு கட்டலாம் என்பதைக் குடும்ப மூத்தவர்களும் தலைவர்களும் முடிவு செய்கிறார்கள். குற்ற வழக்குகளுக்குப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டமும் மாத்தா உத்து நீதிமன்றமும் உண்டு, மேல்முறையீடு நியூ கலிடோனியாவின் தலைநகரான நூமேயாவுக்குப் போகும். நிலத் தகராறு மட்டும் வழக்காற்றுத் தலைவர்களிடமே தீர்வுக்குப் போகிறது. ஹவாயிலும் நியூ கலிடோனியாவிலும் தீவு மக்கள் நிலத்தை இழந்த கதையை நினைத்துப் பார்த்தால், இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய காப்பு என்பது புரியும். அதற்கு விலையும் உண்டு. நிலத்தை ஈடு வைக்க முடியாததால் வங்கிக் கடன் கிடைப்பது கடினம்; முதலீட்டாளர்கள் வரத் தயங்குகிறார்கள்; சொந்த மண்ணில் ஒரு சிறு விடுதி கட்ட நினைக்கும் இளைஞர்கூட முதலில் உறவினர் அனைவரையும் இணங்கவைக்க வேண்டும். இருந்தாலும், இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தால் காப்பின் பக்கமே கனம் அதிகம் என்பேன்.

குடியரசும் வழக்காறும் எப்போதும் இணக்கமாகவே இருந்தன என்று சொல்ல முடியாது. 1959 முதல் உவேயாவின் மன்னராக இருந்த இரண்டாம் தோமாசி குலிமோயெத்தோக்கே காலத்தில், 2005-ல், மிகக் கடுமையான நெருக்கடி வந்தது. குடிபோதையில் வண்டி ஓட்டி ஒருவரின் சாவுக்குக் காரணமானதாகத் தண்டிக்கப்பட்ட அவருடைய பேரன் அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்தார். அரண்மனை வாசலைத் தாண்டிப் போலீஸ் உள்ளே நுழைவது தீவின் மரபுக்கு அடுக்காது. தண்டனை பெற்றவர் தண்டனை அனுபவிக்காமல் இருப்பது குடியரசின் சட்டத்துக்கு அடுக்காது. தலைவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பிரிவினர் வேறு மன்னரை முடிசூட்டவே ஏற்பாடு செய்தபோது, மன்னரின் ஆதரவாளர்கள் சாலைகளை மறித்தார்கள். பாரிசின் தூதர் வந்து பேசிய பிறகு முடிசூட்டு விழா கைவிடப்பட்டது. மன்னர் 2007-ல் இறக்கும்வரை அரியணையில் இருந்தார். அவருக்குப் பின் வந்த கப்பிலியேலே ஃபௌப்பலாவைத் தலைவர்கள் 2014-ல் இறக்கினார்கள். 2016-ல் ஒரே தீவில் இரண்டு பேர் லாவேலுவாவாக அமர்த்தப்பட்டனர்; பிரெஞ்சு அரசு பத்தாலியோன் கனிமோவாவை ஏற்றுக்கொண்டது. மன்னர் யார் என்பதில் குடியரசின் ஏற்பு ஒரு தீர்ப்பைப் போல ஆகிவிடுவதுதான் இந்த ஏற்பாட்டின் மெல்லிய இடம். படி கொடுக்கும் அரசு, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துதானே ஆக வேண்டும்? தலைவர்கள் ஒற்றுமையாக இருக்கும்போது இந்தச் சிக்கல் வெளியே தெரிவதில்லை.

பொருளாதாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏற்றுமதி என்று குறிப்பிடத்தக்க ஒன்றும் இல்லை. பள்ளி, மருத்துவமனை, நிர்வாகம் ஆகிய பொதுத்துறை வேலைகளே சம்பளத்தின் பெரும்பகுதி. அந்தப் பணம் பாரிசிலிருந்து வருகிறது. நாணயம் பசிபிக் பிரெஞ்சு பிராங்க். ஒரு யூரோவுக்கு 119.33 பிராங்க் என்று நிலையாகக் கட்டப்பட்டது. வருமான வரி கிடையாது; தீவின் வருவாய் பெரும்பாலும் இறக்குமதித் தீர்வையிலிருந்து வருவதால் கடையில் எல்லாமே யானை விலை. ஆனாலும் யாரும் பட்டினி கிடப்பதில்லை. வீட்டுக்கு வீடு தோட்டமும் பன்றியும் இருக்கின்றன. கடலில் மீன் இருக்கிறது. நோயாளிக்குப் பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் நூமேயாவுக்கு விமானத்தில் அனுப்ப வேண்டும். ஃபுட்டுனாக்காரருக்கு அதுவும் இரட்டைப் பயணம். சிறு விமானத்தில் முதலில் வாலிஸுக்கு வர வேண்டும். 2024 மே மாதம் நியூ கலிடோனியாவில் கலவரம் வெடித்து நூமேயா விமான நிலையம் வாரக்கணக்கில் மூடப்பட்டபோது, தன் வாசற்கதவே வேறொரு தீவில் இருப்பதன் பொருளை வாலிஸ் நன்றாக உணர்ந்தது.

நியூ கலிடோனியாவின் பெயர் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. 2003-ல் வாலிஸ்–ஃபுட்டுனாவின் மக்கள்தொகை 14,944. 2018-ல் 11,558. 2023-ல் 11,151. இருபது ஆண்டுகளில் நான்கில் ஒருவர் குறைந்துவிட்டார். பிறப்பு விகிதமும் இறங்கியிருக்கிறது என்றாலும் முதன்மையான காரணம் வெளியேற்றமே. நிக்கல் சுரங்கங்கள் செழித்த 1970-களில் பெரிய அலையாகப் போனவர்களின் வழிவந்தவர்களையும் சேர்த்து, நியூ கலிடோனியாவில் மட்டும் 22,000-க்கும் மேற்பட்ட வாலிஸ், ஃபுட்டுனா வழியினர் வாழ்கிறார்கள்; தாய்த் தீவில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே அவர்கள் வாழ்வு எளிதாக அமையவில்லை. நூமேயாவுக்கு அருகே ஆவே மரியா குடியிருப்பில் 2001 முதல் 2003 வரை பக்கத்தில் வாழும், அத்தீவின் பூர்வகுடிகளான கனாக் மக்களோடு நடந்த மோதலில், பல குடும்பங்கள் வீட்டை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. பிரான்சுப் பெருநிலத்திலும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். பலர் பிரெஞ்சு இராணுவத்தில் சேர்ந்து போனவர்கள். பிரெஞ்சு ரக்பி அணியில் ஆடும் யோராம் மொயெஃபனா ஃபுட்டுனாவில் பிறந்தவர் என்பதைப் பிரான்சிலேயே பலர் அந்தத் தீவின் பெயரை முதன்முதலாகக் கேட்ட சந்தர்ப்பமாகச் சொல்லலாம்.

இளைஞர் வெளியேறுவதில் பள்ளிக்கும் பங்கு உண்டு. தொடக்கக் கல்வியை 1969 முதல் பல பத்தாண்டுகள் அரசு ஒப்பந்தத்தின்படி கத்தோலிக்கத் திருச்சபையே நடத்தியது. பிரான்சின் வேறெந்த ஆட்சிப்பகுதியிலும் இதுபோல் இருக்கவில்லை. நடுநிலைப் பள்ளியிலிருந்து மேலே அரசுப் பள்ளிகள். மேல்நிலைப் பள்ளி வாலிஸில்தான் உண்டு. ஆகவே ஃபுட்டுனாவின் பிள்ளை பதினைந்து வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்புகிறது. பல்கலைக்கழகத்துக்கு நூமேயா அல்லது பிரான்ஸ். அங்கே பட்டம் வாங்கியவருக்கு ஏற்ற வேலை ஊரில் எத்தனை இருந்துவிடப் போகிறது? மொழி இன்னும் வீட்டிலும் கோவிலிலும் வலுவாகவே இருக்கிறது. ஆனால் நூமேயாவில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அது அரைகுறையாகத்தான் வருகிறது. விழாவுக்குப் பன்றி வளர்க்கவும், சேப்பங்கிழங்கு வயலின் வரப்பைக் கட்டவும், இரவெல்லாம் பாய் நெய்யவும் கைகள் வேண்டும். மன்னர் ஆட்சிக்கு வரும் உண்மையான சோதனை பாரிசிலிருந்து வரவில்லை, இந்தக் கைகள் குறைவதிலிருந்துதான் வருகிறது என்று கருதுகிறேன்.

மன்னர்களின் சொல்லுக்கு இன்னும் எடை இருக்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு அண்மைக் காலச் சான்று ஒன்று கடலடியில் கிடைக்கிறது. இத்தீவுகளைச் சுற்றிப் பிரான்சுக்குரிய பொருளாதார மண்டலம் சுமார் 2,60,000 சதுர கிலோமீட்டர். தீவுகளின் நிலப்பரப்பைப்போல ஆயிரத்து எண்ணூறு மடங்கு. 2010 முதல் 2012 வரை பிரெஞ்சு ஆய்வுக் கப்பல்கள் அங்கே கனிமப் படிவுகளைத் தேடின. ஃபுட்டுனாவுக்கு அருகே குலோ லாசி என்ற கடலடி எரிமலையும் அப்போது கண்டறியப்பட்டது. இன்னும் ஆய்வு நடத்தலாம் என்ற பேச்சு வந்தபோது வழக்காற்றுத் தலைவர்கள் வேண்டாம் என்றார்கள். கடல் தங்கள் நிலத்தின் தொடர்ச்சி, நிலத்தைப் போலவே அதுவும் முன்னோர் விட்டுச் சென்றது என்பது அவர்கள் வாதம். கடலடி அரசுக்குரியது என்பது பிரெஞ்சுச் சட்டத்தின் நிலை. 2022-ல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரே ஆழ்கடல் சுரங்கத்துக்கு உலகத் தடை வேண்டும் என்று அறிவித்ததால் மோதல் ஆறியிருக்கிறது. ஆனால் அடுத்து வரும் பிரெஞ்சு அரசு வேறு முடிவெடுத்தால், நிலத்தில் செல்லும் மன்னர்களின் சொல் நீருக்கடியிலும் செல்லுமா என்பதை அப்போதுதான் தீர்த்தாக வேண்டும். 1961-ல் அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது இப்படியொரு கேள்வி யாருக்கும் எழவில்லை.